லாக்டேஸ் மாத்திரையைச் சூடான பாலில் கலக்கலாமா?

கேள்வி: எனக்கு 41 வயது. சில வருடங்களாகப் பால் குடித்த ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பி, கடமுடவென்று சத்தம் போட்டு, பேதியாகிறது. தயிர் சாதம் சாப்பிட்டால் ஒன்றும் ஆவதில்லை. பால் செரிக்க லாக்டேஸ் என்சைம் மாத்திரை உண்டு என்று கேள்விப்பட்டு வாங்கினேன். அதைப் பொடித்து, காய்ச்சிய பாலில் கலந்து பத்து நாள் குடித்தும் பலன் இல்லை. மாத்திரை சரியில்லையா? எனக்கு வேறு கோளாறா?

பதில்: மாத்திரையைக் குறை சொல்வதற்கு முன், அதைக் கலந்த பாலின் சூட்டைப் பார்க்க வேண்டும். உங்களுக்குப் பலன் கிடைக்காததற்கு அதுவே போதுமான காரணம்.

என்சைம் என்பது ஒரு புரதம். நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோத்து, அந்தச் சங்கிலி ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் மடிந்து நிற்கிறது. மடிந்த இடத்தில் ஒரு சிறிய பள்ளம் உருவாகும். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை அதில் வந்து பொருந்தும். சங்கிலியில் எங்கோ தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டு குளூட்டமிக் அமிலங்கள், மடிப்பினால்தான் அந்தப் பள்ளத்தில் எதிரெதிரே வந்து நிற்கின்றன. அவை இரண்டும் சேர்ந்து, ஒரு தண்ணீர் மூலக்கூறின் உதவியோடு லாக்டோஸை குளுக்கோஸாகவும் காலக்டோஸாகவும் வெட்டுகின்றன.

அந்த மடிப்பைப் பிடித்து வைத்திருப்பவை பெரும்பாலும் வலுவில்லாத பிணைப்புகள். சாதாரணமாக 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் லாக்டேஸின் மடிப்பு வேகமாகக் கலைந்துவிடும். கொதித்து இறக்கிய பால் அதைவிட வெகுநேரம் சூடாகவே இருக்கும். பிறகு ஆற்றிக் குடித்தாலும் பயனில்லை. வெந்த முட்டையின் வெள்ளைக்கரு ஆறினால் மறுபடி தண்ணீர் மாதிரி ஆவதில்லை அல்லவா, அதே கதைதான். லாக்டோஸோ சர்க்கரை. அதைக் கொதிக்க வைத்தாலும் சிதைந்துபோகாது. ஆக, காய்ச்சியதில் வெட்டும் கருவி கெட்டது, வெட்டப்பட வேண்டியது அப்படியே இருந்தது.

மாத்திரையைப் பொடிக்காமல், பாலின் முதல் வாயோடு விழுங்குங்கள். அரை மணி முன்னதாகவோ, குடித்து முடித்த பிறகோ போட்டால் பாலும் என்சைமும் குடலில் சேர்ந்து போகாது. பாலையும் வெதுவெதுப்பாகக் குடியுங்கள். அட்டையில் எஃப்சிசி யூனிட் என்று, என்சைமின் வீரியத்தைச் சொல்லும் அளவு எழுதியிருக்கும். 3000 முதல் 9000 வரை வரும். ஒரு டம்ளர் பாலுக்கு 3000இல் தொடங்கி, போதாவிட்டால் கூட்டலாம். இது ரத்தத்தில் கலக்கும் மருந்து அல்ல, குடலுக்குள் வேலை செய்துவிட்டுத் தானும் செரிமானமாகிவிடும். அதனால் ஒவ்வொரு முறை பால் குடிக்கும்போதும் தேவைப்படும்.

தயிர் ஏன் ஒத்துக்கொள்கிறது? உறை ஊற்றும்போது பாக்டீரியாக்கள் லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்று புளிப்பாக்கிவிடுகின்றன. மிச்சத்துக்கு அவற்றின் உடலுக்குள்ளேயே லாக்டோஸை வெட்டும் என்சைம் இருக்கிறது. குடலில் பித்தநீர் பட்டு பாக்டீரியா உடையும்போது அது வெளிவந்து வேலை செய்யும். சோறு ஆறிய பிறகே தயிரைப் பிசையுங்கள். கொதிக்கும் மோர்க்குழம்பில் இந்த உதவி கிடைக்காது.

உங்களுக்கு இருப்பது நோயாக இருக்க வேண்டிய அவசியமில்லை. சிறுகுடலின் உட்சுவரில் விரல் போல நீண்டிருக்கும் உறிஞ்சிகளில் உடலே சுரக்கும் லாக்டேஸ், பால்குடி வயது தாண்டியதும் பலருக்குக் குறைகிறது. உலகில் பெரியவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்கு அப்படித்தான். செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போனால், அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை வாயுவாக்கும். கூடவே லாக்டோஸ் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். உப்புசமும் பேதியும் இதனால்தான்.

100 மில்லி பசும்பாலில் ஏறக்குறைய 5 கிராம் லாக்டோஸ். இந்தக் குறைபாடு உள்ளவர்களில் பெரும்பாலோர் ஒரே வேளையில் 12 கிராம் வரை தாங்குவார்கள். வெறும் வயிற்றில் ஒரு பெரிய டம்ளர் அடித்தால் படும் பாடு, சாப்பாட்டோடு 100 மில்லி குடித்தால் வருவதில்லை. ஏ2 பால் (புரத வகை மட்டும் வேறுபட்ட பால்), ஆட்டுப்பால் என்று மாற்றிப் பார்க்காதீர்கள், அவற்றிலும் லாக்டோஸ் உண்டு. நெய்யில் ஏறக்குறைய இல்லை, பனீரில் குறைவு. பால்கோவாவில் மட்டும் கவனம்: ஒரு லிட்டர் பாலின் மொத்த லாக்டோஸும் சுண்டி அதில்தான் நிற்கிறது.

மாத்திரையைச் சரியாகப் போட்டும் மாறவில்லை என்றால், இரண்டு வாரம் பாலை அறவே நிறுத்திப் பாருங்கள். அப்போதும் பேதி நீடித்தால் காரணம் வேறு. லாக்டோஸ்தான் செரிக்கவில்லையா என்பதை, மூச்சில் வரும் ஹைட்ரஜனை அளக்கும் பரிசோதனையிலும் உறுதிசெய்யலாம். எடை குறைவது, மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தச் சோதனைகளுக்குக் காத்திராமல் குடல் நல மருத்துவரைப் பாருங்கள். பால் குடித்ததும் தடிப்போ, உதட்டு வீக்கமோ, மூச்சிரைப்போ வந்தால் அது பால் புரதத்துக்கு எதிரான ஒவ்வாமை. அதற்கு லாக்டேஸ் மாத்திரை எந்த விதத்திலும் உதவாது. மூச்சு சிரமப்பட்டால் உடனே அவசர சிகிச்சைக்குப் போய்விட வேண்டும்.