வெயிலுக்கு வெளுக்காத நிறம் எது?

கேள்வி: ஜன்னலோரம் இருந்த என் சிவப்பு ஸ்பீக்கர் ஒரே வருடத்தில் வெளிறிவிட்டது. இத்தனைக்கும் கண்ணாடிக்கு உள்ளேதான் இருந்தது. புதிதாக வாங்கும்போது ‘யூவி பாதுகாப்புப் பூச்சு’ என்று போட்டிருந்தால் நம்பலாமா? பழையதன் மேல் கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சை அடித்தால் சரியாகுமா?

பதில்: ஸ்பீக்கரைத் திருப்பி, அடியில் உள்ள ரப்பர் கால் ஒன்றை மெல்லப் பெயர்த்துப் பாருங்கள். அந்தச் சின்ன வட்டத்தில் வாங்கிய நாளின் சிவப்பு அப்படியே இருந்தால், நிறத்தைத் தின்றது வெளிச்சம்தான். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களில் (யூவி) யூவி-பி வகையைச் சாதாரணக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். யூவி-ஏ நிறையவே உள்ளே வரும். சில சாயங்களுக்குக் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமே போதும்.

‘யூவி பாதுகாப்பு’ என்ற வார்த்தையை மட்டும் வைத்து வாங்காதீர்கள். மேல்பூச்சில் கலக்கும் யூவி உறிஞ்சிகளும் நாளாக ஆகத் தீர்ந்துபோகும். அதைவிட முக்கியம், அடியில் நிறம் எதனால் வந்தது என்பது. அனோடைஸ் செய்த, அதாவது மின்சாரம் பாய்ச்சி மேலே ஆக்சைடு படலம் வளர்த்த அலுமினியத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளில் சாயத்தை ஊறவைத்து மூடுவார்கள். பார்க்க உலோகமே சிவந்தது போல அழகாக இருக்கும்; ஆனால் அந்தச் சாயம் மட்டமானதாக இருந்தால் உலோகம் காப்பாற்றாது. பெயின்ட் என்றால் நிறமியைப் பொறுத்தது. இரும்பு ஆக்சைடின் செங்கல் சிவப்பும் கார்பன் கருப்பும் வெயிலுக்கு அசையாது. தாலோசயனின் என்ற நிறமி வகையின் நீலமும் பச்சையும் நன்றாகவே தாங்கும். பளீர் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, நியான் நிறங்களில்தான் கவனம் வேண்டும். பிவிடி முறையில், அதாவது வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த டைட்டானியம் நைட்ரைடு தங்க நிறத்தில் சாயமே கிடையாது. அந்தச் சேர்மத்தின் நிறமே அதுதான், அதனால் வெளுக்க ஒன்றும் இல்லை.

விற்பவரிடம் இதைக் கேளுங்கள்: வெயில் போன்ற கடும் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கும் செனான் விளக்குச் சோதனை எத்தனை மணி நேரம் செய்தார்கள், முடிவில் நிறம் எவ்வளவு மாறியது? இரண்டில் ஒன்றை மட்டும் சொன்னால் அதற்கு அர்த்தமில்லை. சிலர், நீலச் சாயமிட்ட கம்பளித் துண்டுகளோடு ஒப்பிடும் நீலக் கம்பளி அளவுகோலில் பதில் சொல்வார்கள். அதில் 1 சீக்கிரம் வெளுப்பது, 8 மிகவும் தாங்குவது. ஜன்னலோரத்துக்கு 7-க்குக் கீழே நான் வாங்க மாட்டேன். வாரண்டி அட்டையில் நிறம் மங்குவது விலக்காக இருக்கிறதா என்றும் படித்துவிடுங்கள்.

அப்புறம், கிளியர் கோட் வேண்டாம். போன நிறம் அதனால் திரும்பாது. ஸ்பிரே துளிகள் ஸ்பீக்கர் வலைக்குள் இறங்கினால் ஒலியும் கெட்டுவிடும்.