ஐந்தாம் மாதத்தில் செர்ட்ராலினை நிறுத்தலாமா?

அம்பாசமுத்திரத்துத் தம்பிக்கு வணக்கம். மனைவிக்கு ஐந்தாம் மாதம், ஒரு வருடமாக மனச்சோர்வுக்குச் செர்ட்ராலின் எடுக்கிறார், "பிள்ளை மூளைக்கு ஆகாது, நிறுத்து" என்று அம்மா சொல்கிறார் என எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அம்மாவின் பயத்தில் அர்த்தம் இருக்கிறது. இந்த மாத்திரை, மூளையில் செய்தி கடத்தும் செரடோனின் என்ற வேதிப்பொருளின் மீதுதான் வேலை செய்கிறது. செரடோனின் நம் மனநிலையோடு மட்டும் சம்பந்தப்பட்டதில்லை. கருவில் நரம்புச் செல்கள் எங்கே போய்ச் சேர வேண்டும், எதோடு இணைய வேண்டும் என்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. மாத்திரையும் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும். சில குழந்தைகளுக்குப் பிறந்த சில நாட்கள் நடுக்கம், சிணுங்கல் இருக்கும்; பெரும்பாலும் தானே சரியாகிவிடும். ஆனால் மருந்தை விட்டதும் திரும்பி வரும் மனச்சோர்வும் பிள்ளையைத் தொடும். தாய்க்குச் சாப்பாடும் தூக்கமும் போகும், குறைமாதப் பிரசவத்துக்கான வாய்ப்பும் கூடும். வீடுகளில் இந்தப் பக்கத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

என் அக்கா இப்படித்தான் யாரிடமும் சொல்லாமல் நிறுத்தினாள். மூன்றாம் நாள் காலை, கோலப்பொடிக் கிண்ணத்தோடு வாசலில் நின்றவள், "தலைக்குள்ள கரண்டு அடிக்கி" என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். படியெல்லாம் வெள்ளைப் பொடி.

மாத்திரை எழுதிய டாக்டரையும் பிரசவ டாக்டரையும் பாருங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலம், பிரசவம் இரண்டு பிரிவும் உண்டு. அளவு, மாற்று மருந்து எல்லாம் அவர்கள் சொல்லட்டும். அம்மாவையும் கூட்டிப் போங்கள், அவரே கேட்கட்டும். அப்புறம், மனைவி வாழப் பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னாலும் அன்றைக்கே கூட்டிப் போங்கள். ராத்திரியானாலும் அரசின் மனநல உதவி எண் 14416-க்கு இலவசமாகப் பேசலாம்.