‘தரவு சேகரிக்கவில்லை’ என்று ஆப் செய்த பையன் போட்டுவிட்டான், பொறுப்பு யாருக்கு?

கேள்வி: குடியாத்தத்தில் லுங்கிக் கடை வைத்திருக்கிறேன். காட்பாடியில் இன்ஜினியரிங் முடித்த தெரிந்த பையன் ஒருவன் கடைக்கு ஆப் செய்து கொடுத்தான். நண்பர்களைச் சேர்த்துவிட்டால் 50 ரூபாய் தள்ளுபடி என்று அதில் ஒரு வசதி. அதை அமுக்கியவர்களின் போனில் இருந்த எண்களுக்கெல்லாம் எங்கள் விளம்பரம் எஸ்.எம்.எஸ்.ஸாகப் போயிருக்கிறது. இப்போது வேலூர் வாடிக்கையாளர் ஒருவர், “பிளே ஸ்டோரில் ‘தரவு எதுவும் சேகரிக்கப்படவில்லை’ என்று போட்டுவிட்டு என் சம்பந்தி வீட்டு எண் வரை எடுத்திருக்கிறீர்கள்” என்று 2 லட்சம் ரூபாய் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். அப்படி ஒரு வரி இருப்பதே எனக்குத் தெரியாது. பையனையே பதில் சொல்லச் சொல்லலாமா?

பதில்: சொல்ல முடியாது. ஆர்டரும் பணமும் உங்களுக்கு வருகிறது, எண்களும் உங்கள் விளம்பரத்துக்குத்தான் பயன்பட்டிருக்கின்றன. வாடிக்கையாளரைப் பொறுத்தவரை எதிர்த்தரப்பு நீங்கள்தான்.

அந்த வரி எங்கிருந்து வந்தது என்பதைப் பார்ப்போம். ஆப் என்னென்ன தகவலை எடுக்கிறது என்று இறக்குவதற்கு முன்பே காட்டும் லேபிளை ஆப்பிள் 2020 டிசம்பரில் கொண்டுவந்தது. கூகுள் அதையே ‘டேட்டா சேஃப்டி’ என்ற பெயரில் 2022 ஜூலையிலிருந்து கட்டாயமாக்கியது. இரண்டிலுமே படிவத்தை நிரப்புவது ஆப் வெளியிடுபவர்தான். அதில் எழுதியது சரிதானா என்பதற்கு வெளியிடுபவரே முழுப் பொறுப்பு என்று கூகுள் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. முத்திரை குத்திய அரசுச் சான்று போலப் பலர் அதை நம்புகிறார்கள். உண்மையில் அது ஊரறிய நீங்கள் கொடுத்த வாக்குமூலம்.

சேகரிப்பது என்றால் என்ன என்பதில்தான் பல பேர் வழுக்குகிறார்கள். தகவல் போனுக்குள்ளேயே இருந்து முடிந்தால் கணக்கில் வராது. போனை விட்டு வெளியே போனால் அது சேகரிப்பு. லுங்கி அனுப்புவதற்கு வாங்கும் பெயர், முகவரி, போன் எண்கூட அதில் அடங்கும். அதாவது கான்டாக்ட்ஸ் விவகாரம் இல்லாவிட்டாலும், முதல் ஆர்டர் வந்த அன்றே அந்த வரி பொய்யாகிவிட்டது. ஆப்புக்குள் பையன் சேர்த்திருக்கும் பிறர் எழுதிய எஸ்.டி.கே.க்கள் (ஆயத்த நிரல் தொகுப்புகள்) அனுப்பும் தகவலையும் நீங்கள்தான் சொல்லியாக வேண்டும்.

சரி, சட்டத்துக்கு வருவோம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. உங்களைப் போன்றவர்கள் மீதான முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் அமலுக்கு வரும். அந்தச் சட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. டாக்டரிடம் போனில் ஆலோசனை பெறும் ஆப் ஒன்று கான்டாக்ட்ஸையும் கேட்க, பயனாளி சம்மதித்துவிடுகிறார். அப்படியும் ஆலோசனைக்குத் தேவையில்லாத அந்தத் தகவலுக்கு அவருடைய சம்மதம் செல்லாது. லுங்கி விற்பதற்குச் சம்பந்தி எண் எதற்கு என்று யாராவது கேட்டால் உங்களிடம் என்ன பதில் இருக்கிறது? வெளியாளிடம் வேலையைக் கொடுத்து என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும் பொறுப்பு உங்களுடையதே என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆனால் அதில் விதிக்கும் அபராதம் அரசுக்குப் போகும். வாடிக்கையாளர் கைக்கு வராது. ஆகவே அவருடைய 2 லட்சத்துக்கு அது வழியில்லை.

உங்களுக்கு இப்போதே தலைவலி தரக்கூடியது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். சேவையைப் பற்றிப் பொய்யாகச் சொல்வதும், நம்பிக் கொடுத்த தனிப்பட்ட தகவலை வெளியாருக்குத் தருவதும் அதன்படி முறையற்ற வணிக நடைமுறை. எஸ்.எம்.எஸ். அனுப்பும் நிறுவனத்திடம் எண்களைக் கொடுத்திருந்தால் இரண்டாவதையும் அந்த வாடிக்கையாளர் வாதாடலாம். தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வேலூர்க்காரருக்கு வேலூர் நுகர்வோர் ஆணையம் போதும். வாங்கிய சரக்கு 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

இங்கே பில் புத்தகத்தைப் புரட்டுங்கள். அவர் தனக்காக இரண்டு லுங்கி வாங்கினாரா, மறுபடி விற்க மூட்டையாக வாங்கினாரா? விற்பதற்கு வாங்கியவர் அந்தச் சட்டப்படி நுகர்வோரே அல்ல. சொந்த உபயோகம் என்றால் வழக்கு நிற்கும். ஆனாலும் 2 லட்சம் என்ற தொகைக்கு அவர் நஷ்டத்தைக் காட்டியாக வேண்டும். நான்கு விளம்பரச் செய்தி போனதற்கு அவ்வளவு கிடைப்பது கடினம் என்பது என் கணிப்பு.

நோட்டீஸுக்குக் கட்டாயம் பதில் அனுப்புங்கள். அதில் ‘நாங்கள் எதையும் சேகரிப்பதில்லை’ என்று மட்டும் மறுபடி எழுதிவிடாதீர்கள்; கையெழுத்துப் போட்டுப் பொய் சொன்னதாகிவிடும். நண்பர் சேர்க்கும் வசதியை நிறுத்திவிட்டோம், எடுத்த எண்களை இனிப் பயன்படுத்த மாட்டோம் என்று நடந்ததைச் சொல்லி, தொகையை மறுத்தால் போதும். எஸ்.எம்.எஸ். விளம்பரத்துக்கு, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகள் தனியாக இருக்கின்றன. செய்தி வந்தவர்கள் 1909 என்ற எண்ணில் புகார் செய்தால் அது வேறு கதை.

இப்போதுள்ள லேபிளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு உடனே திருத்துங்கள். திருத்தினால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்று தயங்க வேண்டாம், அவரிடம் பழையதன் படம் எப்படியும் இருக்கும். கான்டாக்ட்ஸ் அனுமதியை ஆப்பிலிருந்தே எடுத்துவிடச் சொல்லுங்கள். ஒரு ஷேர் பட்டன் வைத்தால், வேண்டியவருக்கு வாடிக்கையாளரே அனுப்பிக்கொள்வார். லேபிளைத் திருத்தியதோடு வேலை முடியவில்லை. எதை எடுக்கிறோம், எதற்கு, எப்படி நீக்கச் சொல்வது என்ற அறிவிப்பு ஆப்புக்குள் தனியாக வேண்டும். அதைத் தமிழிலேயே வையுங்கள். ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள (தமிழும் அதில் உண்டு) மொழி எதிலுமோ படிக்கும் வசதி தர வேண்டும் என்றுதான் புதிய சட்டமும் சொல்கிறது.

பையன் விஷயம் கடைசியில். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் உங்களுக்கு ஏற்பட்ட செலவை அவனிடம் கேட்கலாம். வாய்ப்பேச்சு மட்டும் என்றால் வாட்ஸப்பில் என்ன சொன்னீர்கள் என்று தேடிப் பாருங்கள். தள்ளுபடி யோசனை உங்களுடையது என்றால் கேட்காமலிருப்பதே மேல். ஆப்பை பிளே ஸ்டோரில் வெளியிட்டு நிர்வகிக்கும் பிளே கன்சோல் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். அவன் பெயரில் இருந்தால் கடை பெயரில் ஒரு கணக்கு திறந்து ஆப்பை அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள், கூகுளில் அதற்கு வழி இருக்கிறது. மாற்றி முடிக்கும்வரை அவனிடம் சண்டை வேண்டாம். லேபிளைத் திருத்தும் பாஸ்வேர்டு இப்போது அவனிடம்தான் இருக்கிறது.