கிரேடில் எதை எங்கே வைக்கிறது? பெங்களூரு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கிரேடில் என்பது எழுதிய கோடை ஓடக்கூடிய ஆப்பாகக் கட்டும் ('பில்ட்' செய்யும்) கருவி. இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ஃபோல்டரைச் சுற்றித்தான்: ஹோம் டைரக்டரியில் இருக்கும் 'டாட் கிரேடில்'. லினக்ஸிலும் மேக்கிலும் ஹோமுக்கு நேர் கீழே இருக்கும். விண்டோஸில் சி டிரைவ், யூசர்ஸ், உங்கள் பெயர் என்று போனால் கிடைக்கும். இதற்குப் பெயர் கிரேடில் யூசர் ஹோம். ப்ராஜெக்டுக்குள்ளும் இதே 'டாட் கிரேடில்' என்ற பெயரில் இன்னொரு ஃபோல்டர் உண்டு. அது வேறு, இது வேறு. கீழே 'ஹோம்' என்று சொன்னால் முதலாவது.

ஆபீஸ் லேப்டாப்பில் 256 ஜிபி எஸ்எஸ்டிதான். ஹோம் டைரக்டரியில் இருக்கும் டாட் கிரேடில் மட்டுமே 30 ஜிபியைத் தாண்டிவிட்டது. மொத்தமாக அழித்துவிடலாமா?
- ஒயிட்ஃபீல்ட் வாசகர்

மொத்தமாக வேண்டாம். திரும்ப இறக்கிக்கொள்ளக் கூடியவையும், போனால் போனதுதான் என்று ஆகிவிடக் கூடியவையும் அதற்குள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. 'கிரேடில் டாட் ப்ராப்பர்டீஸ்' ஃபைலில் உங்கள் ப்ராக்ஸி (நெட்டுக்குப் போகும் வழியில் ஆபீஸ் வைத்த இடைச் சர்வர்) விவரம், ரெப்பாசிட்டரி பாஸ்வேர்டு எல்லாம் இருக்கலாம். 'இனிட் டாட் டி' ஃபோல்டரில் ஆபீஸ் கொடுத்த இனிட் ஸ்கிரிப்ட் (ஒவ்வொரு பில்டின் தொடக்கத்திலும் ஓடுவது) இருக்கலாம். இவற்றை எந்தச் சர்வரும் திருப்பித் தராது. முதலில் இந்த இரண்டையும் வேறு இடத்தில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

அழிக்கத் தக்கவை: இறக்கியவற்றைச் சேமித்துவைக்கும் 'கேச்சஸ்'; ப்ராஜெக்டுக்கு உரிய கிரேடில் பதிப்பை இறக்கித் தரும் ரேப்பரின் 'ரேப்பர்' ஃபோல்டருக்குள் இருக்கும் 'டிஸ்ட்ஸ்'; பின்னணியில் காத்திருக்கும் கிரேடில் ப்ராசஸான டீமனின் 'டீமன்'; கிரேடிலின் டூல்செயின் வசதி வழியாகத் தானாக இறங்கிய ஜேடிகே (ஜாவா கருவித் தொகுப்பு) இருக்கும் 'ஜேடிகேஸ்'. இவை எல்லாம் அடுத்த பில்டில் திரும்ப வந்துவிடும். விலை, அந்த முதல் பில்டின் நேரமும் டேட்டாவும். பிஜி வைஃபையில் வெள்ளிக்கிழமை ராத்திரி ரிலீஸை வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள்.

அழிக்கும் முன் டீமனை நிறுத்த வேண்டும். சும்மா இருக்கும் டீமன் வழக்கமாக 3 மணி நேரம் வரை உயிரோடு இருக்கும். விண்டோஸில் அது பிடித்துவைத்த ஃபைல்களை அழிக்க முடியாது, பாதி போய் பாதி நிற்கும். ப்ராஜெக்டில் இருக்கும் கிரேடில்-டபிள்யூ ஸ்கிரிப்டை இரட்டை ஹைஃபன் ஸ்டாப் என்று ஓட்டினால் நிற்கும். ஆனால் அந்த ப்ராஜெக்ட் பயன்படுத்தும் கிரேடில் பதிப்பின் டீமன்கள் மட்டுமே நிற்கும். வேறு பதிப்பில் வேறு ப்ராஜெக்ட் இருந்தால் அங்கேயும் போய் ஓட்டுங்கள். சந்தேகமாக இருந்தால், ஓடும் ஜாவா ப்ராசஸ்களைக் காட்டும் ஜேபிஎஸ் கமாண்டில் 'கிரேடில்டீமன்' என்ற பெயர் தெரிகிறதா என்று பாருங்கள்.

பாதி அழிப்பது முழுதாக அழிப்பதைவிட ஆபத்து. 'கேச்சஸ்' உள்ளே 'டிரான்ஸ்ஃபார்ம்ஸ்' என்று ஒன்று இருக்கும். ஆண்ட்ராய்டு லைப்ரரிகளை அவிழ்த்து வைக்கும் இடம், சைஸ் ஏறுவதில் முதல் குற்றவாளி. புதிய பதிப்புகளில் இது பதிப்பெண் பெயரிட்ட ஃபோல்டருக்குள் இருக்கிறது. டிஸ்க் கிளீனர் ஏதாவது இதற்குள் புகுந்து சில ஃபைல்களை மட்டும் எடுத்துவிட்டால், 'மெட்டாடேட்டா டாட் பின்' ஃபைலைப் படிக்க முடியவில்லை என்று பில்ட் விழும். அப்போது ஒவ்வொன்றாகச் சரிசெய்ய முயலாமல் அந்த 'டிரான்ஸ்ஃபார்ம்ஸ்' ஃபோல்டரையே எடுத்துவிடுங்கள்.

கிரேடில் தானாகவும் சுத்தம் செய்கிறது. இறக்கிய லைப்ரரிகள் 30 நாள் யாரும் தொடாமல் இருந்தால் போகும். உங்கள் மெஷினிலேயே உருவானவை 7 நாளில். டீமன் லாக் (நடந்ததை எழுதிவைக்கும் பதிவு ஃபைல்) 14 நாளில். ஒரு பதிப்பின் கேச் 30 நாள் சும்மா கிடந்து அழியும்போது அதன் ரேப்பர் டிஸ்ட்ரிப்யூஷனும் சேர்ந்து போகும். பிறகு ஏன் 30 ஜிபி? நான்கைந்து ப்ராஜெக்ட், ஒவ்வொன்றும் ஒரு பதிப்பு, எல்லாவற்றையும் மாதத்துக்கு ஒருமுறையாவது திறக்கிறீர்கள் என்றால் எதுவுமே 'சும்மா கிடப்பது' ஆகாது. ப்ராஜெக்டுகளை ஒரே கிரேடில் பதிப்புக்குக் கொண்டுவருவதுதான் நிரந்தர வைத்தியம். கிரேடில் 8 முதல் இந்த நாள் கணக்கை மாற்றலாம். ஆனால் அதை ஹோமில் உள்ள இனிட் ஸ்கிரிப்டில்தான் எழுத வேண்டும், ப்ராஜெக்டில் எழுதினால் எடுபடாது.

டாட் கிரேடிலை டி டிரைவுக்கு மாற்றினேன். ஆனாலும் சி டிரைவில் புதிதாக டாட் கிரேடில் முளைக்கிறது. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ பயன்படுத்துகிறேன்.
- மாரத்தஹள்ளி வாசகர்

கிரேடில் யூசர் ஹோமின் புது இடத்தைச் சொல்லும் என்விரான்மென்ட் வேரியபிள் வைத்த பிறகு ஸ்டுடியோவை மூடித் திறந்தீர்களா? ஏற்கெனவே ஓடும் ப்ரோகிராமுக்குப் புது வேரியபிள் தெரியாது. வேரியபிளின் பெயர் கிரேடில், யூசர், ஹோம் ஆகிய மூன்று சொற்களும் கேப்பிட்டலில், நடுவே அண்டர்ஸ்கோர். ஸ்டுடியோ செட்டிங்ஸில் 'பில்ட் டூல்ஸ்' கீழே 'கிரேடில்' பக்கத்திலும் கிரேடில் யூசர் ஹோமுக்கு ஒரு கட்டம் உண்டு. அதில் பழைய பாதை எழுதப்பட்டிருந்தால் ஸ்டுடியோ ஒரு இடத்திலும் டெர்மினல் இன்னொரு இடத்திலும் இறக்கும். இரண்டும் ஒன்றாக இருக்கட்டும்.

உறுதி செய்ய: இரட்டை ஹைஃபன் இன்ஃபோ சேர்த்து ஒரு பில்ட் ஓட்டுங்கள். டீமன் லாக் ஃபைல் எங்கே இருக்கிறது என்று முழுப் பாதையோடு ஒரு வரி வரும். அது டி டிரைவில் இருந்தால் மாறிவிட்டது.

இன்னொன்று: ஹோம் டைரக்டரியில் 'டாட் ஆண்ட்ராய்டு' என்று தனி ஃபோல்டர் இருக்கும். எமுலேட்டர்கள் அங்கேதான், இடத்தை விழுங்குவது பல நேரம் அவைதான், கிரேடில் அல்ல. அதைக் காலி செய்யப் போய் 'டீபக் டாட் கீஸ்டோர்' ஃபைலையும் (சோதனை ஆப்பில் கையெழுத்திடும் சாவி) சேர்த்து அழித்துவிடாதீர்கள். புது கீஸ்டோர் தானாக உருவாகும், ஆனால் அந்தச் சாவியின் கைரேகை (ஃபிங்கர்பிரிண்ட்) மாறிவிடும். கூகுள் சைன்-இன் வேலை செய்யவில்லை என்று அடுத்த நாள் தேட ஆரம்பிப்பீர்கள்.

ப்ராஜெக்டின் 'கிரேடில் டாட் ப்ராப்பர்டீஸ்' ஃபைலில் ஹீப் (ஜாவாவுக்கு ஒதுக்கும் மெமரி) 4 ஜிபி என்று எழுதினேன். இருந்தும் மெமரி போதவில்லை என்றுதான் வருகிறது. பக்கத்து சீட்காரருக்கு அதே கோட் ஓடுகிறது.
- எலக்ட்ரானிக் சிட்டி வாசகர்

உங்கள் ஹோமில் உள்ள ப்ராப்பர்டீஸ் ஃபைலைத் திறந்து பாருங்கள். அதிலும் 'ஜேவிஎம் ஆர்க்ஸ்' வரி இருக்கும் என்றே நினைக்கிறேன். பலர் நினைப்பதற்கு நேர் எதிராக, ஹோம் ஃபைல்தான் ப்ராஜெக்ட் ஃபைலை வெல்லும். கமாண்ட் லைனில் கொடுத்தது முதலில், அடுத்து ஹோம், அடுத்து ப்ராஜெக்டின் ரூட், கடைசியில் கிரேடில் இன்ஸ்டால் ஆன ஃபோல்டர். டீமுக்குப் பொதுவான மதிப்பை ப்ராஜெக்டிலும், இந்த மெஷினுக்கு மட்டும் உரியதை ஹோமிலும் எழுதுவதற்காகவே இந்த வரிசை.

ஹோமில் ஒன்றும் இல்லையென்றால் அடுத்த சந்தேகம்: வரியை ரூட்டில் எழுதாமல் 'ஆப்' போன்ற சப்-ப்ராஜெக்டின் ஃபைலில் எழுதியிருப்பீர்கள். டீமனின் அமைப்புகளைக் கிரேடில் ரூட்டிலிருந்து மட்டுமே எடுக்கும். எங்கேயும் எழுதவில்லையென்றால் டீமனுக்குக் கிடைப்பது 512 எம்பி ஹீப்தான். நடுத்தர ஆண்ட்ராய்டு ப்ராஜெக்டுக்கு அது காணாது.

மதிப்பை மாற்றினால் பழைய டீமன் அதை ஏற்காது. புது டீமன் எழும், பழையது தன் நேரம் முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். 8 ஜிபி ரேம் உள்ள மெஷினில் 2, 3, 4 என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் மூன்று டீமன்கள் சேர்ந்து மெஷினையே உறையவைத்துவிடும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். டெர்மினலுக்கு ஒரு ஜேடிகே, ஸ்டுடியோவுக்கு வேறு ஜேடிகே என்று இருந்தாலும் இதே இரட்டை டீமன் கதைதான்.

இந்த ஃபைலில் விண்டோஸ் பாதை எழுதுவோர் கவனிக்க: பேக்ஸ்லாஷ் இங்கே சாதாரண எழுத்து அல்ல. 'டி டிரைவ், பேக்ஸ்லாஷ், டூல்ஸ்' என்று எழுதினால் அந்தப் பேக்ஸ்லாஷும் டூல்ஸின் முதல் எழுத்தும் சேர்ந்து ஒரு டேப் ஆகிவிடும். ஜாவா ஹோம் செல்லாது என்ற எரர் வரும், கண்ணுக்குப் பாதை சரியாகவே தெரியும். பேக்ஸ்லாஷை இரண்டு முறை போடுங்கள், அல்லது முன்சாய்ந்த ஸ்லாஷ் போடுங்கள். வரி முடிவில் இருக்கும் ஸ்பேஸும் மதிப்பின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

பில்டுகளைத் தானாக ஓட்டும் ஜென்கின்ஸ் சர்வரில் நான்கு டாக்கர் கன்டெய்னர்கள் (ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கப்பட்ட குட்டி மெஷின்கள் மாதிரி). நெட் மிச்சமாகட்டும் என்று எல்லாவற்றுக்கும் ஒரே டாட் கிரேடில் வால்யூமை மவுன்ட் செய்தோம். இப்போது 'லாக் (பூட்டு) கிடைக்கவில்லை, டைம்அவுட்' என்று இஷ்டப்படி விழுகிறது.
- ஹெப்பாளில் ஒரு டெவாப்ஸ் டீம்

இஷ்டப்படி அல்ல, காரணம் உண்டு. ஒரே மெஷினில் இரண்டு கிரேடில் ப்ராசஸ்கள் ஒரு கேச்சைப் பகிர்வது பிரச்சினை இல்லை: லாக் வைத்திருப்பவரிடம் மற்றவர் யூடிபி செய்தி வழியாக, லூப்பேக் (மெஷின் தனக்குள்ளேயே பேசிக்கொள்ளும்) முகவரியில், 'விட்டுக்கொடு' என்று கேட்பார், அவரும் விட்டுவிடுவார். ஒவ்வொரு கன்டெய்னருக்கும் லூப்பேக் தனி. கேட்கும் குரல் போய்ச் சேராது. லாக் வைத்திருப்பவருக்கு யாரோ காத்திருப்பதே தெரியாது. காத்திருந்தவர் நேரம் முடிந்து விழுவார். நான்கும் ஒரே நேரத்தில் ஓடாத நாட்களில் பிரச்சினை வராததால்தான் இஷ்டப்படி நடப்பதாகத் தோன்றுகிறது.

எளிய வழி, கன்டெய்னர் ஒவ்வொன்றுக்கும் தனி வால்யூம். இடம் நான்கு மடங்கு ஆகும், ஆனால் நிம்மதி. இன்னும் நல்ல வழி, கிரேடில் 6.2-இல் வந்த படிக்க-மட்டும் கேச். ஒரு மெஷினில் முழு பில்ட் ஓட்டுங்கள். டீமனை நிறுத்திவிட்டு, 'கேச்சஸ்' உள்ளே இருக்கும் 'மாட்யூல்ஸ்-2' ஃபோல்டரை வேறு இடத்துக்குக் காப்பி செய்யுங்கள். அந்தக் காப்பியில் 'டாட் லாக்' (பூட்டு; பதிவு லாக் அல்ல) என முடியும் ஃபைல்களையும் 'ஜிசி டாட் ப்ராப்பர்டீஸ்' ஃபைலையும் அழியுங்கள். இதை மறப்பவர்கள்தான் அதிகம். பிறகு கன்டெய்னர்களில் ரீட்-ஒன்லியாக மவுன்ட் செய்து, 'கிரேடில் ஆர்ஓ டெப் கேச்' என்ற வேரியபிளை, கேப்பிட்டலில், அண்டர்ஸ்கோர்களோடு, வையுங்கள். அதன் மதிப்பு 'மாட்யூல்ஸ்-2' அல்ல, அதற்கு ஒரு படி மேலே உள்ள ஃபோல்டர். அங்கே இல்லாத லைப்ரரிகள் மட்டும் ஒவ்வொரு கன்டெய்னரின் சொந்த ஹோமில் இறங்கும். ரேப்பர் டிஸ்ட்ரிப்யூஷன் இதில் அடங்காது. அதை இமேஜ் கட்டும்போதே உள்ளே வைத்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. வொர்க்ஸ்பேஸில் கேள்விக்குறியைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர் ஒன்று இருக்கிறதா? கன்டெய்னரை ஏதோ ஒரு யூசர் எண்ணில் ஓட்டும்போது, அந்த எண்ணுக்கு ஹோம் டைரக்டரி இல்லையென்றால், அதன் பாதைக்குப் பதில் ஜாவா கேள்விக்குறியைத் தரும். கிரேடில் அந்தப் பெயரிலேயே ஃபோல்டர் போட்டு ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் புதிதாக இறக்கும். யூசர் ஹோம் வேரியபிளை வெளிப்படையாக வைத்தால் தீரும்.

ஆபீஸ் ப்ராக்ஸியில் ரேப்பர் இறங்கவே மாட்டேன் என்கிறது. எரர் 407 (ப்ராக்ஸிக்கு யூசர்நேம், பாஸ்வேர்டு வேண்டும் என்பது) வருகிறது. யூசர்நேம், பாஸ்வேர்டு இரண்டும் சரிதான்.
- பெள்ளந்தூர் வாசகர்

எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் இரண்டுக்கும் ஹோஸ்ட், போர்ட், யூசர், பாஸ்வேர்டு தனித்தனியாக, 'சிஸ்டம்ப்ராப்' முன்னொட்டோடு, ஹோமில் உள்ள ஃபைலில் எழுதினீர்களா? எழுதியும் 407 என்றால், ஜாவா 8-இன் அப்டேட் 111 முதல் ப்ராக்ஸி வழியாகப் போகும் எச்டிடிபிஎஸ் சுரங்கத்தில் (டனல்) 'பேசிக்' என்ற முறையில் பாஸ்வேர்டு அனுப்புவதை ஜாவாவே தடுத்திருக்கிறது. 'ஜேடிகே டாட் எச்டிடிபி டாட் ஆத் டாட் டனலிங் டாட் டிசேபிள்டு ஸ்கீம்ஸ்' என்ற சிஸ்டம் ப்ராப்பர்டியைக் காலி மதிப்போடு வையுங்கள்.

நெட் மெதுவானால் ரேப்பரின் ப்ராப்பர்டீஸ் ஃபைலில் 'நெட்வொர்க் டைம்அவுட்' வரியைப் பாருங்கள். 10000 என்றால் 10 விநாடி. 60000 ஆக்கலாம். பாதியில் அறுந்த ஸிப் 'டிஸ்ட்ஸ்' உள்ளே கிடந்து அவிழ்க்க முடியாமல் விழுந்தால் அந்தப் பதிப்பின் ஃபோல்டரை மட்டும் அழியுங்கள். அங்கே கன்னாபின்னாவென்று தெரியும் எழுத்துகள் டவுன்லோட் முகவரியின் ஹேஷ் (அந்த முகவரியிலிருந்து கணக்கிட்ட குறியீடு). ஆபீஸ் மிரருக்கு (நகல் சர்வர்) முகவரியை மாற்றினால் அதே பதிப்பு இரண்டாவது முறை இறங்குவது இதனால்தான்.

கிட்டிலிருந்து (கோடின் பதிப்புகளைச் சேமிக்கும் கருவி) புதிதாக க்ளோன் செய்தால் 'கிரேடில் ரேப்பர் மெயின்' கிளாஸ் கிடைக்கவில்லை என்கிறது.
- அல்சூர் வாசகி

கிட்-இக்னோரில் (கிட்டுக்குப் போகக் கூடாதவற்றின் பட்டியல்) எல்லா ஜார் ஃபைல்களையும் (ஜாவா ப்ரோகிராமின் தொகுப்பு) விலக்கும் வரி இருக்கிறது. ரேப்பரின் ஜாரும் அதில் மாட்டிக்கொண்டது. 'கிரேடில்' ஃபோல்டருக்குள் 'ரேப்பர்', அதற்குள் அந்த ஜார்; அந்தப் பாதையை ஆச்சரியக்குறியோடு விதிவிலக்காக எழுதி, ஜாரைக் கமிட் செய்யுங்கள். ப்ராஜெக்டில் உள்ள டாட் கிரேடிலும் 'பில்ட்' ஃபோல்டரும், ஆண்ட்ராய்டென்றால் 'லோக்கல் டாட் ப்ராப்பர்டீஸ்' ஃபைலும் கிட்டுக்குப் போகக் கூடாது.

மேவனில் (கிரேடில் போன்ற இன்னொரு பில்ட் கருவி) இன்ஸ்டால் செய்த ஜார் கிரேடிலுக்குத் தெரியவில்லையே?
- ஜெயநகர் வாசகர்

மேவன் வைப்பது ஹோம் டைரக்டரியில் 'டாட் எம்2' உள்ளே 'ரெப்பாசிட்டரி' ஃபோல்டரில். ரெப்பாசிட்டரி பட்டியலில் 'மேவன் லோக்கல்' என்று நீங்கள் சேர்க்காதவரை கிரேடில் அங்கே போய்த் தேடாது. சேர்த்தால் பட்டியலில் கடைசியில் சேருங்கள், அந்த ஒரு குரூப்புக்கு மட்டும் என்று வடிகட்டியும் வையுங்கள். இல்லையென்றால் உங்கள் மெஷினில் ஓடும் பில்ட் சர்வரில் ஓடாது.