வாசகர் கேள்வி – ஆசிரியர் பதில்: ஆசியான் நட்பும் நம் மலைச்சரக்கும்

சென்ற இதழில் இந்தியாவுக்கும் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுக்கும் உள்ள உறவைப் பற்றி வெளியான குறிப்பைப் படித்துவிட்டு, கொழிஞ்சாம்பாறை முதல் குலசேகரம் வரை, கேரள எல்லையின் இருபுறமும் வாழும் வாசகர்கள் பலர் எழுதியுள்ளனர். ஒரே பொருளைக் கேட்டிருந்த கடிதங்களைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

இந்தியா ஒரு நாடு. ஆசியான் பல நாடுகளின் கூட்டமைப்பு. அப்படியானால் அந்தப் பக்கம் பேசுவது யார், கையெழுத்திடுவது யார்?
– பள்ளி ஆசிரியர், கொழிஞ்சாம்பாறை

ஆசியானை ஐரோப்பிய ஒன்றியத்தைப் போல எண்ணிக்கொள்வதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. 1967 ஆகஸ்ட் 8 அன்று பாங்காக்கில் இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் தொடங்கிய இந்த அமைப்பு, 2025 அக்டோபரில் கிழக்குத் திமோர் சேர்ந்ததோடு பதினொரு நாடுகள் கொண்டதாகியிருக்கிறது. அதன் செயலகம் ஜகார்த்தாவில் உள்ளது. ஆனால் உறுப்பு நாடுகளுக்கு ஆணையிடும் அதிகாரம் அந்தச் செயலகத்துக்கு இல்லை. எல்லாரும் ஒப்பினால்தான் முடிவு. ஒருவர் வீட்டு விவகாரத்தில் மற்றவர் தலையிடுவதில்லை. வெளிச்சரக்குக்குப் பொதுவான சுங்கத் தீர்வையும் கிடையாது. எனவே இந்தியாவோடு செய்யும் பொருளாதார ஒப்பந்தத்தில் ஒவ்வோர் உறுப்பு நாட்டின் அமைச்சரும் தனித்தனியே கையெழுத்திடுகிறார்; தீர்வைக் குறைப்பு அட்டவணையும் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது.

இந்தியா இந்த உறவில் படிப்படியாக ஏறியது. 1992இல் சில துறைகளுக்கு மட்டுமான உரையாடல் பங்காளி, அதாவது ஆசியானோடு முறையாகப் பேச்சு நடத்தும் வெளிநாடு. 1995இல் முழு உரையாடல் பங்காளி. 2002இல் கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில் முதல் உச்சி மாநாடு. 2003இல் ஆசியானின் நட்புறவு, ஒத்துழைப்பு உடன்படிக்கையில் இணைவு. 2012இல் வியூகப் பங்காளி. 2022இல் விரிவான வியூகப் பங்காளி. பட்டங்கள் நீளுகின்றன என்று ஒரு வாசகர் கேலியாக எழுதியிருக்கிறார். அந்தக் கேலியில் ஓரளவு நியாயம் உண்டு. எனினும் 2015இல் ஆசியானுக்கென்றே ஜகார்த்தாவில் இந்தியா தனித் தூதரகப் பணியகம் அமைத்ததும், 2018 குடியரசு நாள் விழாவுக்கு அன்றைய பத்து உறுப்பு நாடுகளின் தலைவர்களும் ஒருசேர விருந்தினராக வந்ததும் வெறும் பட்டத்தால் நடப்பவை அல்ல.

எங்கள் மிளகு விலை விழும்போதெல்லாம், ஆசியான் ஒப்பந்தத்தால் வியட்நாம் மிளகு வந்து குவிவதே காரணம் என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள். நட்பு நாட்டுக்கு, நஷ்டம் எங்களுக்கா?
– மிளகு விவசாயி, வண்டிப்பெரியாறு

கடைக்காரர்கள் சொல்வதில் பாதிதான் சரி. மறுபாதியைத் தாங்கள் அறிந்துகொள்வது நல்லது. ஏனெனில் எதிர்ப்பை எங்கே காட்டுவது என்பது அதைப் பொறுத்திருக்கிறது.

உலகிலேயே மிக அதிகமாக மிளகு விளைவிப்பது வியட்நாம். அதன் அடக்கவிலையோடு நம் மலைத்தோட்டங்கள் போட்டியிடுவது கடினம் என்பதும் உண்மை. ஆனால் 2009 ஆகஸ்ட் 13 அன்று பாங்காக்கில் கையெழுத்தாகி 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு வணிக ஒப்பந்தத்தில், மிளகு சுங்கமின்றித் திறந்துவிடப்படவில்லை. கச்சாப் பாமாயில், சுத்திகரித்த பாமாயில், காப்பி, தேயிலை, மிளகு ஆகிய ஐந்தும் சிறப்புப் பொருள்களாக ஒதுக்கப்பட்டன. மிளகின் தீர்வை 70 விழுக்காட்டிலிருந்து பத்தாண்டுகளில் 50 விழுக்காடாக மட்டுமே குறைக்கப்பட்டது. காப்பிக்கும் தேயிலைக்கும் 100இலிருந்து 45. ஐம்பது விழுக்காடு தீர்வை கட்டி வரும் சரக்கு உள்ளூர் விலையை எளிதில் உடைத்துவிடாது.

அப்படியானால் மலிவு மிளகு எந்த வழியாக வந்தது? பெரும்பாலும் இலங்கை வழியாக. இலங்கை ஆசியான் உறுப்பு நாடன்று. 1998இல் கையெழுத்தான இந்திய – இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தின் கீழ் ஆண்டுக்கு 2,500 டன் மிளகு தீர்வையின்றி வரலாம். அதற்கு மேல் வருவதற்குத் தெற்காசிய நாடுகளின் ஒப்பந்தப்படி 8 விழுக்காடு மட்டுமே தீர்வை. வியட்நாம் மிளகு கொழும்பில் இறங்கி, இலங்கை மிளகு என்ற சான்றிதழோடு இங்கே ஏறி வருகிறது என்று நம் பகுதி விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டார்கள். அந்த முறையீட்டுக்குப் பின்னரே 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையை மத்திய அரசு விதித்தது. மறு ஆண்டு அதற்குக் குறைந்த விலையில் மிளகு இறக்குமதி செய்வதையே தடை செய்தது. ஏற்றுமதிக்கென மிளகுச் சாறு எடுக்கும் ஆலைகள் தீர்வையின்றிக் கொண்டுவரும் மிளகு தனிக் கணக்கு. அது உள்ளூர்ச் சந்தைக்குக் கசிகிறதா என்று பார்ப்பது நம் சுங்கத் துறையின் வேலை, ஜகார்த்தாவின் வேலை அன்று.

பொருள் எந்த நாட்டில் விளைந்தது என்பதை ஐயமற நிறுவும் விதிகளே, எந்த நட்பு ஒப்பந்தத்திலும் விவசாயி முதலில் கேட்க வேண்டிய பகுதி என்பது எங்கள் கருத்து. ஆசியான் ஒப்பந்தப்படி, முழுவதும் அங்கேயே விளையாத பொருளாயின், மதிப்பில் 35 விழுக்காடாவது அங்கே சேர்ந்திருக்க வேண்டும். தீர்வை அட்டவணையில் மூலப்பொருள் இருந்த உள்தலைப்பிலிருந்து வேறோர் உள்தலைப்புக்கு, அதாவது வேறு சரக்கு வகைக்கு, அது மாறியிருக்கவும் வேண்டும். சான்றிதழைக் காட்டினால் போதும் என்ற நிலை 2020 செப்டம்பரில் மாறியது. சான்றுக்கான விவரங்களை இறக்குமதியாளரே கையில் வைத்திருக்க வேண்டும் என்ற புதிய சுங்க விதி அப்போது வந்தது.

ஏலக்காயையும் இதே கடிதத்தில் சேர்த்திருக்கிறீர்கள். புற்றடியிலும் போடியிலும் ஏலம் போகும் நம் காய்க்கு வெளிச்சந்தையில் எதிராளி குவாத்தமாலா. அதற்கும் ஆசியானுக்கும் தொடர்பில்லை.

ரப்பரும் அப்படித்தானா?
– பால்வெட்டுத் தொழிலாளி, குலசேகரம்

இல்லை. இயற்கை ரப்பர், தீர்வைக் குறைப்பிலிருந்து விலக்கிவைத்த பொருள்களின் பட்டியலில் இருக்கிறது. அதற்கு ஆசியான் நாடுகளுக்கும் சலுகை இல்லை. ஆனால் ரப்பரோடு வேறு பொருள்களைக் கலந்த கலவை ரப்பர், சலுகைத் தீர்வையில் தாய்லாந்து, வியட்நாம் முதலிய நாடுகளிலிருந்து வருகிறது. 2023 மத்திய வரவுசெலவுத் திட்டத்தில் கலவை ரப்பரின் தீர்வையை 10இலிருந்து 25 விழுக்காடாக உயர்த்தினார்கள்; ஆசியான் சரக்கை அந்த உயர்வு தொடவில்லை. இந்த ஓட்டையைப் பொறுத்தவரை தங்கள் குறை முற்றிலும் நியாயமானது.

நட்டம் என்று தெரிந்தும் ஒப்பந்தத்தை ஏன் ரத்து செய்யவில்லை? கேரளத்தில் மனிதச் சங்கிலியே நடத்தினார்களே!
– தேயிலைத் தோட்ட மேற்பார்வையாளர், மூணாறு

2009 அக்டோபர் 2 அன்று காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை இடதுசாரிகள் கோத்த அந்தச் சங்கிலியை நாமும் மறக்கவில்லை. அன்று எழுப்பிய அச்சம் ஒட்டுமொத்தக் கணக்கில் பலித்தும் இருக்கிறது. ஆசியானோடு இந்தியாவின் வணிகப் பற்றாக்குறை 2010–11இல் ஏறத்தாழ 5 பில்லியன் டாலர். 2022–23இல் 43 பில்லியனுக்கு மேல். ஆனால் இந்தோனேசிய நிலக்கரி, பாமாயில், மின்னணு உதிரிகள் என அந்த இறக்குமதியில் பெரும்பகுதி நம் ஆலைகளுக்கும் அடுப்படிக்கும் போகிறது. ரத்து செய்தால் அவற்றின் விலை ஏறும். ஆந்திரத்தின் குண்டூர் மிளகாய்க்குத் தாய்லாந்தும் வியட்நாமும் இந்தோனேசியாவும் வாடிக்கையாளர்கள். ஆகவேதான் ரத்து என்று பேசாமல் மறுஆய்வு என்று பேசுகிறார்கள். 2025க்குள் மறுஆய்வை முடிப்பதென்று 2023 ஆகஸ்டில் இலக்கு வைத்தார்கள்; 2025 அக்டோபரில் கோலாலம்பூர் உச்சி மாநாடு கூடியபோதும் அது முடிந்திருக்கவில்லை. சீனா உள்ளிட்ட பெரிய வணிகக் கூட்டிலிருந்து 2019 நவம்பரில் இந்தியா விலகிக்கொண்டதை நினைத்தால், விலகவே தெரியாத அரசு என்றும் சொல்ல முடியாது.

என் தாத்தா மலேசியத் தோட்டத்தில் பால் வெட்டியவர். அங்கே செல்ல இப்போது விசா வேண்டாம் என்கிறார்களே, அது ஆசியான் உறவால் கிடைத்ததா?
– மாணவி, செங்கோட்டை

இல்லை. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இன்றி வந்துபோகலாம் என்பது மலேசிய அரசு தானாக எடுத்த முடிவு. ஒவ்வோர் உறுப்பு நாடும் இதைத் தனித்தனியே தீர்மானிக்கிறது. விதிகள் அவ்வப்போது மாறுவதால், பயணச்சீட்டு எடுக்குமுன் மலேசியக் குடிவரவுத் துறையின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வருகைப் படிவத்தை இணையத்தில் முன்கூட்டியே நிரப்ப வேண்டும்.