கையடக்கக் கணினி, உள்ளேயே ஜி.பி.எஸ்.: எதை வாங்கலாம்? கேள்வி பதில்

வயல், காடு, கடல் என்று வெளியில் வேலை பார்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. விலை அடிக்கடி மாறும் என்பதால் அதைத் தொடவில்லை.

சார், பயிர்க் கணக்கெடுப்புக்கு டேப்லட் வாங்க வேண்டும். வைஃபை ஐபேட் விலை குறைவாக இருக்கிறது. சிம் எங்களுக்குத் தேவையே இல்லை. அதையே எடுத்துவிடலாமா? (கள ஊழியர், ஒட்டன்சத்திரம்)

வேண்டாம். வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜி.பி.எஸ். ரிசீவரே கிடையாது. சிம் போடும் வசதியுள்ள மாடலில்தான் அது இருக்கிறது. சிம் போடாமலே அது வேலை செய்யும், ஆனால் மாடல் அதுவாக இருக்க வேண்டும்.

கடையில் சோதித்துப் பார்ப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். சுற்றியுள்ள வைஃபை ரூட்டர்களை வைத்தே வைஃபை ஐபேட் இடத்தைக் கணித்துவிடும். கடைத்தெருவில் நீலப்புள்ளி சரியாகவே நிற்கும். முருங்கைத் தோட்டத்துக்குள் போனதும் காணாமல் போய்விடும்.

ஆண்ட்ராய்டு டேப்லட்களில் வைஃபை மாடல்களிலும் பலவற்றில் ஜி.பி.எஸ். உண்டு, எல்லாவற்றிலும் இல்லை. கிடங்குகளில் பார்கோடு படிக்கப் பயன்படும் கைக்கருவிகளும் இப்படித்தான்: ஒரே தோற்றம், ஒன்றில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. அட்டைப்பெட்டியில் உள்ள 'லொகேஷன்' என்ற சொல்லை நம்ப வேண்டாம். ஜி.பி.எஸ்.டெஸ்ட் என்ற இலவச ஆப்பை ஏற்றுங்கள். ஏர்பிளேன் மோடில் போட்டு, வைஃபையையும் அணைத்துவிட்டு வெட்டவெளிக்கு வாருங்கள். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் பாதை விவரத்தை அனுப்பி முடிக்கவே 30 விநாடி ஆகும், ஆகவே இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். பட்டியலில் செயற்கைக்கோள்கள் வரிசையாக வந்து, அவற்றின் சிக்னல் வலு 35 முதல் 45 வரை காட்டினால் ரிசீவர் நல்லது. வெட்டவெளியிலும் பெரும்பாலானவை 25-க்குக் கீழே நின்றால் ஆன்டெனா சுமார். பட்டியல் காலியாகவே இருந்தால் அந்தக் கருவியில் ரிசீவரே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

10 சென்ட் மனை ஒன்று வாங்கப் போகிறேன். நல்ல போன் வாங்கினால் நானே சுற்றி நடந்து அளந்துகொள்ள முடியுமா?

முடியாது. எவ்வளவு விலையுள்ள போனாக இருந்தாலும் முடியாது. கணக்கைப் பாருங்கள். 10 சென்ட் என்பது சுமார் 405 சதுர மீட்டர், சதுரமான மனை என்றால் பக்கத்துக்கு 20 மீட்டர். திறந்த வெளியில் போனின் பிழை சாதாரணமாக 3 முதல் 5 மீட்டர். ஒவ்வொரு பக்கமும் 3 மீட்டர் கூடிப்போனால் 23 பெருக்கல் 23, அதாவது 529 சதுர மீட்டர்: 13 சென்ட்! அதே 3 மீட்டர் பிழை ஒரு ஏக்கரில் வந்தால் 100 சென்ட் 110 ஆகத் தெரியும். பரப்பு கூடக் கூடப் பிழையின் பங்கு குறையும். அதனால் ஐந்து பத்து ஏக்கர் தோப்புக்குச் சொட்டுநீர்க் குழாய் எவ்வளவு வேண்டும் என்று மதிப்பிடப் போன் போதும். மனைக்குப் போதாது.

தோராயமாகப் பார்த்தால் போதும் என்றாலும் நடந்துகொண்டே அளக்காதீர்கள். ஒவ்வொரு மூலைக்கல்லிலும் ஒன்றிரண்டு நிமிடம் அசையாமல் நின்று சராசரி எடுங்கள். ஜி.பி.எஸ். பிழை மெதுவாக நகரும் தன்மையுள்ளது. ஒரே மூச்சில் பத்து நிமிடம் நிற்பதைவிட, இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை வந்து எடுப்பது அதிகப் பயன் தரும்.

சென்டிமீட்டர் வேண்டுமென்றால் ஆர்.டி.கே. முறைதான். இடம் துல்லியமாகத் தெரிந்த நிலையம் ஒன்று, தனக்கு வரும் சிக்னலில் உள்ள பிழையைக் கணித்து இணையம் வழியாக அனுப்பும். உங்கள் ரிசீவர் அதைக் கழித்துக்கொள்ளும். இந்தியாவில் சர்வே ஆஃப் இந்தியா அமைத்துள்ள கோர்ஸ் நிலையங்கள் இந்த வேலையைச் செய்கின்றன. யூ-பிளாக்ஸ் நிறுவனத்தின் இசட்.இ.டி. எஃப்9பி போன்ற சில்லு உள்ள வெளி ரிசீவரை 2 மீட்டர் கம்பத்தில் பொருத்தி, புளூடூத்தில் போனோடு இணைத்துவிட்டால் போன் வெறும் திரையாகிவிடும். ஆண்ட்ராய்டில் டெவலப்பர் ஆப்ஷன்ஸுக்குள் 'மாக் லொகேஷன்' என்ற இடத்தில் அந்த ரிசீவரின் ஆப்பைத் தேர்ந்தெடுக்க மறந்தால், போன் தன் சொந்த 4 மீட்டர் பிழையோடுதான் பதியும், எச்சரிக்கையும் வராது. திரையில் 'ஃபிக்ஸ்' என்று வந்த பிறகே புள்ளியைப் பதியுங்கள். 'ஃப்ளோட்' என்றிருந்தால் பிழை அரை மீட்டரும் இருக்கலாம், அதற்கு மேலும் இருக்கலாம். தென்னை மட்டைக்கு அடியிலும் மதில் ஓரத்திலும் ஃபிக்ஸ் கிடைப்பது கடினம். கிடைத்தாலும் ஒருமுறை ரிசீவரை அணைத்துப் போட்டு மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள்.

இவ்வளவு செய்தாலும் பத்திரத்துக்குச் செல்லுபடியாவது அரசு சர்வேயர் எஃப்.எம்.பி. என்ற புல வரைபடத்தை வைத்து அளந்து கொடுப்பதுதான்.

விளம்பரத்தில் 'டூயல் ஃப்ரீக்வென்சி ஜி.பி.எஸ்.' என்று போடுகிறார்கள். காசு கொடுக்கத் தகுந்ததா? இந்தியாவின் சொந்த அமைப்பான நாவிக் உள்ள போனாகப் பார்க்க வேண்டுமா?

முதல் கேள்விக்கு ஆம். இரண்டு அலைவரிசைகளில் சிக்னல் பிடிப்பதுதான் டூயல் ஃப்ரீக்வென்சி. பழைய எல்1 அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ், எல்5 அலைவரிசை 1176.45. எல்5 சிக்னலின் குறியீடு பத்து மடங்கு வேகமானது. கட்டடத்தில் பட்டுத் தெறித்து வரும் சிக்னலையும் நேராக வருவதையும் ரிசீவர் பிரித்தறிய இது உதவுகிறது. எனவே வித்தியாசம் தெரிவது சந்திலும் மரத்தடியிலும் மலைச்சரிவிலும். பொட்டல் காட்டில் பெரிதாகத் தெரியாது. 2018-இல் ஷாவ்மி மி 8 போனில் முதலில் வந்த இந்த வசதி ஐபோனுக்கு 2022-இல் 14 ப்ரோவில்தான் வந்தது. ஒரே பெயருள்ள போனில் நாட்டுக்கு நாடு வேறு சில்லு வைப்பதும் நடக்கிறது. ஜி.பி.எஸ்.டெஸ்ட் பட்டியலில் செயற்கைக்கோளுக்குப் பக்கத்தில் எல்5 என்று வருகிறதா என நீங்களே பாருங்கள்.

நாவிக்கைத் தேர்வுக்கு முதல் அளவுகோலாக வைக்காதீர்கள். 2025 ஜனவரியில் ஏவிய என்.வி.எஸ்.-02 என்ற நாவிக் செயற்கைக்கோள் தன் சுற்றுப்பாதையை எட்டவில்லை. வேலை செய்யும் செயற்கைக்கோள்களும் குறைவு. ஜி.பி.எஸ்., குளோனாஸ், கலிலியோ, பெய்டோ என்ற வெளிநாட்டு அமைப்புகள் நான்கையும் எடுக்கும் போனில் நாவிக்கும் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

காட்டுக்குள் மூன்று நாள் வேலை. போன் போதுமா, கார்மின் மாதிரி தனிக்கருவி வேண்டுமா, அண்ணா? (ஆராய்ச்சி மாணவி, வால்பாறை)

மூன்று நாள், சார்ஜ் போட இடமில்லை, அட்டையும் மழையும் என்றால் தனிக்கருவிதான். துல்லியத்துக்காக அல்ல. எல்5 உள்ள இன்றைய போன், இடத்தைக் காட்டுவதில் கார்மின் இட்ரெக்ஸ் 22எக்ஸுக்கு இளைத்ததில்லை. வித்தியாசம் மூன்று விஷயத்தில்: இட்ரெக்ஸ் இரண்டு டபுள்-ஏ பேட்டரியில் 25 மணி நேரம் ஓடும், வால்பாறைப் பெட்டிக்கடையிலும் அந்தப் பேட்டரி கிடைக்கும். வெயில் பட்டால் அதன் திரை இன்னும் தெளிவாகும், போன் திரை வெளுக்கும். நனைந்த விரலால் பொத்தானை அழுத்தலாம், நனைந்த தொடுதிரை தானாக எதையாவது திறந்துகொண்டிருக்கும்.

தனிக்கருவியின் குறை, படிவம் நிரப்புவது. இன வகை, மரச் சுற்றளவு, படம் எல்லாம் சேர்த்துப் பதிய வேண்டுமானால் கியூஃபீல்ட் அல்லது ஓ.டி.கே. கலெக்ட் ஆப் உள்ள போன்தான் வசதி. தடத்தைக் கார்மினிலும் தரவைப் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். போனை ஏர்பிளேன் மோடில் வைத்தால் டவரைத் தேடித் தேடிப் பேட்டரி காலியாகாது.

வாங்கும்போது மாடல் எண்ணின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். ஜி.பி.எஸ்.மேப் 67 வேறு, 67ஐ வேறு. மொன்டானா 700 வேறு, 700ஐ வேறு. 'ஐ' சேர்ந்தவற்றில் இன்ரீச் என்ற செயற்கைக்கோள் செய்தி வசதி உண்டு. தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அதை இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம். வெளிநாட்டிலிருந்து தெரியாமல் கொண்டுவந்த பயணிகள் விமான நிலையத்தில் பிடிபட்டிருக்கிறார்கள். வெளிநாட்டு உறவினரிடம் வாங்கி வரச் சொல்பவர்கள் இதை முதலில் சொல்லிவிடுங்கள்.

ஒரே டேப்லட்டில் பழநியிலும் நத்தத்திலும் எடுத்த புள்ளிகள். கணினியில் போட்டால் நத்தம் நிலத்தில் இருக்கிறது, பழநி வங்கக் கடலில் விழுகிறது. கருவி பழுதா?

கருவி நலமாகத்தான் இருக்கிறது. யூ.டி.எம். மண்டலக் குழப்பம் இது. பூமியை 6 டிகிரி அகல மண்டலங்களாகப் பிரித்து, இடத்தை மீட்டரில் சொல்லும் முறைதான் யூ.டி.எம். 78 டிகிரி தீர்க்கரேகை திண்டுக்கல் மாவட்டத்தின் குறுக்கே போகிறது. அதற்கு மேற்கே பழநி, கொடைக்கானல் 43-ஆம் மண்டலம். கிழக்கே நத்தம் 44. நீங்கள் எல்லாவற்றையும் 44 என்று சொல்லி ஏற்றியிருக்கிறீர்கள், பழநி 6 டிகிரி, ஏறக்குறைய 650 கிலோமீட்டர் கிழக்கே தள்ளிப்போய்விட்டது. ஈஸ்டிங் (கிழக்குத் திசை மீட்டர்) எண் 7 லட்சம், 8 லட்சம் என்று இருந்தால் அது 43. ஒன்றே முக்கால் லட்சம், 2 லட்சம் என்றால் 44. இரண்டாகப் பிரித்துத் தனித்தனியாக ஏற்றினால் சரியாகிவிடும். இனிமேல் கருவியில் டபிள்யூ.ஜி.எஸ்.84 (ஜி.பி.எஸ். பயன்படுத்தும் அளவை அடிப்படை) தசம டிகிரியில் பதியுங்கள், மண்டலமே வேண்டாம்.

பழைய டோப்போ ஷீட் (அச்சு நில வரைபடம்) வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்து: அவை எவரெஸ்ட் டேட்டம் என்ற பழைய அளவை அடிப்படையில் அச்சிட்டவை. மாற்றாமல் ஒப்பிட்டால் நூறு மீட்டருக்கு மேல் விலகும்.

படகில் வைத்துக்கொள்ள எது நல்லது? இலங்கைக் கடல் எல்லைக்கோட்டைத் தாண்டாமல் இருக்க அலாரம் வைக்க முடியுமா? (பாம்பன்)

தண்ணீரில் விழுந்தால் மிதக்கும் கருவியாக வாங்குங்கள். கார்மினில் ஜி.பி.எஸ்.மேப் 78, 79 வரிசைகள் மிதக்கும். ஐ.பி.68 என்ற நீர்காப்புத் தரம் போட்ட போனும் மூழ்கத்தான் செய்யும். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது, உப்புத் தண்ணீரில் அல்ல. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, பேட்டரி மூடியைத் திறந்து காய விடுங்கள். பேட்டரி முனையில் பச்சை பூத்தால் அதோடு கருவி போய்விடும்.

அலாரம் வைக்கலாம். 'ப்ராக்ஸிமிட்டி அலாரம்' என்ற இடத்துக்குப் போய், எல்லைக்கோட்டின் மேல் 1.5 கடல் மைலுக்கு ஒரு புள்ளியாகப் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் 1 கடல் மைல் ஆரம் கொடுங்கள். இரண்டு புள்ளிக்கு நடுவே போனாலும் கோட்டுக்குச் சுமார் 0.66 மைல் முன்பே அடித்துவிடும். 2 மைலுக்கு ஒன்றாக வைத்தால் சரியாக நடுவில் போகும்போது கோட்டைத் தொடும்வரை அலாரம் அடிக்காது. நீரோட்டம் வேகமாக இருக்கும் நாளில் ஆரத்தை இன்னும் கூட்டுங்கள்.

எண்ணை ஏற்றும்போதுதான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. 9 டிகிரி 17.50 நிமிடம் என்றால் 17 நிமிடம் 30 விநாடி. அதை 17 நிமிடம் 50 விநாடி என்று ஏற்றினால் 600 மீட்டருக்கு மேல் பிழை. 9.1750 டிகிரி என்று ஏற்றினால் 13 கிலோமீட்டர்! எண்ணைக் கொடுத்தவரின் கருவி எந்த அமைப்பில் இருந்தது என்று கேட்டு, உங்களுடையதையும் அதே அமைப்புக்கு மாற்றிவிட்டு ஏற்றுங்கள்.

மெரினாவில் நிற்கிறேன், உயரம் மைனஸ் 80-க்கும் கீழே காட்டுகிறது. போனை மாற்றித் தரச் சொல்லலாமா?

தர மாட்டார்கள், தரவும் வேண்டியதில்லை. செயற்கைக்கோள் தரும் உயரம் கணித நீள்வட்ட உருண்டையிலிருந்து அளந்தது, கடல்மட்டத்திலிருந்து அல்ல. நம் பகுதியில் ஈர்ப்பு குறைவு என்பதால் கடல்மட்டமே அந்த உருண்டைக்கு வெகு கீழே இருக்கிறது. கடல்மட்டத்தில் உலகிலேயே ஆகப் பெரிய இத்தகைய பள்ளம், சுமார் 106 மீட்டர், இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில்தான். ஜியாய்டு திருத்தம் (உயரத்தைக் கடல்மட்டத்திலிருந்து கணக்கிடுவது) உள்ள ஆப்பில் அந்த அமைப்பை இயக்குங்கள். கண்மாய் மட்டம், வாய்க்கால் சரிவு பார்க்க மட்டும் இந்த உயரத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள். கிடைமட்டப் பிழையைவிட உயரப் பிழை பொதுவாகப் பெரிது.

நடந்த தடம் பாதியில் அறுந்து, பிறகு நேர்கோடாகப் போகிறது.

திரை அணைந்ததும் ஆண்ட்ராய்டு அந்த ஆப்பைத் தூங்க வைத்துவிட்டது. இருப்பிட அனுமதியை 'அலோ ஆல் தி டைம்' என்றும், பேட்டரி அமைப்பை 'அன்ரெஸ்டிரிக்டட்' என்றும் மாற்றுங்கள். சில பிராண்டுகளில் 'ஆட்டோ ஸ்டார்ட்' என்று மூன்றாவதாக ஒன்றும் உண்டு. பிறகு திரையை அணைத்துவிட்டு அரை மணி நேரம் நடந்து சோதியுங்கள்.

பழைய எச்.பி. ஐபேக், மியோ ஏ701, டிரிம்பிள் ஜூனோ போன்ற கைக்கணினிகள் எல்லாம் மலிவாக வருகின்றன. வாங்கலாமா?

சேகரிப்பவர் என்றால் வாங்குங்கள். வேலைக்கு வேண்டாம். ஜி.பி.எஸ். தன் வாரக் கணக்கை 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கடைசியாக நடந்தது 2019 ஏப்ரல் 6. அதைக் கவனிக்காத பழைய ரிசீவர்கள் தேதியை ஏறத்தாழ 19 ஆண்டு 7 மாதம் பின்னால் காட்டும். இடம் சரியாகவே வரும், ஆனால் உங்கள் பதிவுகளின் தேதி எல்லாம் பாழ். கருவிக்குள் பதிந்துள்ள மென்பொருளான ஃபர்ம்வேரைப் பொறுத்து இது வேறு வேறு நாளில் வருவதால், இன்று சரியாக இருக்கும் கருவி அடுத்த வருடம் தடுமாறலாம்.

ஜூனோ எஸ்.பி. அந்தக் காலத்தில் நல்ல கருவி, 2 முதல் 5 மீட்டர் துல்லியம். ஆனால் அது விண்டோஸ் மொபைல். தரவைக் கணினிக்கு மாற்றும் மைக்ரோசாஃப்ட் மென்பொருளுக்கு இப்போது ஆதரவு இல்லை, விண்டோஸ் 10, 11-இல் இணைப்பதே ஒரு போராட்டம். ஏற்கெனவே அலுவலகத்தில் ஒன்று கிடந்தால், மெமரி கார்டில் பதிய வைத்து, கார்டைக் கழற்றிக் கணினியில் போட்டு எடுங்கள். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்த பிறகே சார்ஜரைச் செருகுங்கள்.