புது அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தால் சேரலாமா? விருத்தாசலத்துத் தந்தை ஒருவருக்குப் பதில்

வணக்கம் ஐயா,

நீங்கள் அனுப்பிய விவரங்களைப் பார்த்தேன். மகளின் நீட் மதிப்பெண், வகுப்புப் பிரிவு, போன ஆண்டு கட்-ஆஃப் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அரசுக் கல்லூரியில் எம்பிபிஎஸ் இடம் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் சென்னையோ மதுரையோ கோவையோ கிடைக்காது. கள்ளக்குறிச்சி, அரியலூர், நாகப்பட்டினம் என்று 2022இல் திறந்த கல்லூரிகளில் ஒன்றில்தான் வந்து நிற்கும். அதற்குத்தான் வீட்டில் இத்தனை கலவரம். "நேத்து முளைச்ச காலேஜ்" என்று மைத்துனர் சொல்கிறார், அங்கீகாரம் இருக்கிறதா என்றும் கேட்கிறார். இருக்கிற மூன்று ஏக்கரை விற்றாவது சென்னையில் ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

நிலத்தை விற்காதீர்கள். மற்றதைப் பொறுமையாகப் பேசலாம், இதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிகர்நிலையில் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல் கேட்பார்கள். அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணமே இருபதாயிரத்தைச் சுற்றித்தான். எம்பிபிஎஸ் முடித்ததோடு இப்போதெல்லாம் யாரும் நிற்பதில்லை, எம்.டி., எம்.எஸ். என்று முதுநிலைப் படிப்புக்கு அடுத்த செலவு காத்திருக்கும். அந்தக் காசை இப்போதே கரைத்துவிட்டால் அப்போது கையில் ஒன்றும் இருக்காது.

2022இல் திறந்த அந்த அரசுக் கல்லூரிகள் எப்படி வந்தன என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். மாவட்டத் தலைமை மருத்துவமனையை மருத்துவக் கல்லூரியோடு இணைத்துப் புதுக் கல்லூரி தொடங்கும் மத்திய அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது. கல்லூரிக்கு 325 கோடி ரூபாய். மத்திய அரசு 195 கோடி, மாநில அரசு 130 கோடி. அந்தத் திட்டத்தில் விருதுநகர், நாமக்கல், நீலகிரி, திருப்பூர், திருவள்ளூர், நாகப்பட்டினம், திண்டுக்கல், கள்ளக்குறிச்சி, அரியலூர், ராமநாதபுரம், கிருஷ்ணகிரி என்று 11 கல்லூரிகள் 2022 ஜனவரி 12ஆம் தேதி ஒரே நாளில் திறக்கப்பட்டன. மொத்தம் 1,450 இடங்கள். உங்கள் மகளுக்கு இன்று அரசு இடம் கிடைக்கும் என்று நான் துணிந்து சொல்வதற்கே அந்த 1,450தான் காரணம். இந்தக் கல்லூரிகள் வராமல் இருந்திருந்தால் இதே மதிப்பெண்ணுக்கு நாம் தனியார் கல்லூரிகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்போம்.

கல்லூரிதான் புதிது, மருத்துவமனை புதிதல்ல. அந்த மாவட்டத்து ஜனங்கள் பல வருடமாகப் போய்வந்துகொண்டிருந்த பெரியாஸ்பத்திரிதான் பெரிதாகியிருக்கிறது. பட்டமும் புதிதல்ல. சென்னை மருத்துவக் கல்லூரி 1835இல் தொடங்கியது, கள்ளக்குறிச்சி 2022இல் தொடங்கியது. இரண்டிலும் படிக்கிறவர்களுக்குப் பட்டம் கொடுப்பது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்தான். ஒரே பாடத்திட்டம், ஒரே வினாத்தாள். செய்முறைத் தேர்வுக்கு வெளிக் கல்லூரியிலிருந்து தேர்வாளர் வருவார். படிப்பின் கடைசியில் மருத்துவமனையில் பயிற்சி பெறும் ஹவுஸ் சர்ஜன் காலத்து உதவித்தொகையும் எல்லா அரசுக் கல்லூரிக்கும் ஒன்றுதான்.

உங்கள் மைத்துனர் கிளப்பிய அங்கீகாரக் கேள்விக்கு வருகிறேன். அது நியாயமான கேள்வி. புதுக் கல்லூரிக்கு முதலில் கிடைப்பது அனுமதி. அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். முதல் அணி மாணவர்கள் இறுதித் தேர்வு எழுதும் கட்டத்தில்தான் தேசிய மருத்துவ ஆணையம் வந்து பார்த்து முழு அங்கீகாரம் தரும். 2022 பிப்ரவரியில் வகுப்பு தொடங்கிய முதல் அணிக்கு நாலரை வருடம் 2026 வாக்கில் முடிகிறது. ஆகவே உங்கள் மகள் சோதனை எலியாகப் போகவில்லை, அவளுக்கு முன்னாலேயே பல அணிகள் சேர்ந்தாகிவிட்டன. இதில் இன்னொன்று: பழைய கல்லூரி என்றால் இந்தத் தொல்லை கிடையாது என்று நினைக்காதீர்கள். 2023 மே மாதம் அங்கீகாரச் சிக்கலில் மாட்டியவை எவை தெரியுமா? சென்னை ஸ்டான்லி, திருச்சி கி.ஆ.பெ. விசுவநாதம், தருமபுரி. கண்காணிப்பு கேமரா, பயோமெட்ரிக் வருகைப்பதிவு சரியில்லை என்று சொன்னார்கள், சரிசெய்தவுடன் அடுத்த சில வாரங்களில் திரும்பக் கொடுத்துவிட்டார்கள். ஸ்டான்லிக்கே வந்தது. தொலைக்காட்சியில் ஓடும் சிவப்பு எழுத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

சரி, அப்படியானால் குறையே இல்லையா? இருக்கிறது. உண்மையான குறை ஆசிரியர்கள் விஷயத்தில்தான்.

கட்டடத்தை ஒன்றரை வருடத்தில் எழுப்பிவிடலாம். ஒரு அனாடமி (உடற்கூறியல்) பேராசிரியரை அப்படி எழுப்ப முடியாது. புது ஊரில் கல்லூரி திறந்தால் பழைய கல்லூரிகளிலிருந்து டாக்டர்களை மாற்றலிலோ தற்காலிக டெபுடேஷனிலோ அனுப்புவார்கள். அவர்களில் பலருக்குக் குடும்பம் சென்னையிலோ திருச்சியிலோ இருக்கும். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அங்கே, கணவனோ மனைவியோ நடத்தும் கிளினிக் அங்கே. திங்கட்கிழமை வந்து வெள்ளிக்கிழமை கிளம்புகிறவர்களும், டாக்டர்களுக்கான அடுத்த இடமாற்றக் கவுன்சலிங்கில் மாற்றல் வாங்கிப் போகிறவர்களும் உண்டு. ஆய்வு நாளில் மட்டும் நாற்காலி நிரம்பும் பழைய வழக்கத்தை ஒழிக்கத்தான் ஆணையம் ஆதார் வழி வருகைப்பதிவைக் கொண்டுவந்தது. அதனால்தான் 2025இல் தமிழகத்தின் அரசுக் கல்லூரிகள் பெரும்பாலானவற்றுக்கு, பழையது புதியது பாராமல், ஆசிரியர் பற்றாக்குறைக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. எல்லா இடத்திலும் இருக்கும் குறைதான், ஆனால் புதுக் கல்லூரியில் அது கூடுதலாக உறைக்கும். பழைய கல்லூரியில் ஒரு பேராசிரியர் போனால் துறையில் இன்னும் நான்கு பேர் இருப்பார்கள். புதிதில் ஒருவர் போனாலே அந்தப் பாடம் தள்ளாடும்.

இன்னொரு குறை, பெரிய நோய்களுக்கான சிறப்புத் துறைகள். இதயம், மூளை, சிறுநீரகம் என்று சிக்கலாக வரும் நோயாளியை மாவட்டக் கல்லூரி மருத்துவமனையில் உயிரைப் பிடித்து நிறுத்தி, பெரிய ஊருக்கு அனுப்பிவைப்பார்கள். 2024 ஜூனில் கள்ளச்சாராயச் சாவுகள் நடந்தபோது பார்த்திருப்பீர்கள். கூட்டம் கூட்டமாக வந்து விழுந்தது கள்ளக்குறிச்சி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில்தான். அங்கிருந்து பலரை புதுச்சேரி ஜிப்மருக்கும் சேலத்துக்கும் விழுப்புரம் முண்டியம்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். அந்தக் கொடுமையான நாட்களிலேயே புதுக் கல்லூரியின் பலமும் தெரிந்தது, எல்லையும் தெரிந்தது. மெத்தனாலில் பார்வை மங்கி வருகிறவனை முதலில் தொட்டுப் பார்க்க வேண்டியவர்கள் அங்கே இருந்தவர்கள்தான். அப்படி ஒரு வார்டில் நிற்கும் மாணவர் கற்பது எந்த வகுப்பறையிலும் கிடைக்காது.

எம்பிபிஎஸ் படிக்கிற பிள்ளைக்கு வேண்டியது அபூர்வ நோய் இல்லை. காய்ச்சல், காசநோய், ரத்தசோகை, பாம்புக்கடி, பூச்சிமருந்து குடித்து வருகிறவர்கள், பைக் விபத்து, பிரசவம். இதெல்லாம் மாவட்ட மருத்துவமனையில் குவிந்து கிடக்கிறது. முதுநிலை மாணவர்கள் நிறைய இருக்கும் பெரிய கல்லூரியில் தையல் போடுவதும் ஊசிக்குழாய் ஏற்றுவதும் அவர்கள் கைக்கே போய்விடும், எம்பிபிஎஸ் பிள்ளைகள் பின்வரிசையில் எட்டிப் பார்ப்பார்கள். இந்தப் புதுக் கல்லூரிகள் தொடங்கும்போது முதுநிலையே கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் வேலை நேராக ஹவுஸ் சர்ஜன் கைக்கு வரும். சொல்லிக்கொடுக்க ஆள் பக்கத்தில் இருந்தால் இது வரம். இல்லாவிட்டால் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு சின்னப் பெண் தனியாகத் திணறுவாள். இரண்டும் நடக்கும். எந்தக் கல்லூரியில் எது என்று நேரில் போனால்தான் தெரியும்.

ஆகையால் போய்ப் பாருங்கள். கள்ளக்குறிச்சியும் அரியலூரும் உங்களுக்குப் பக்கம்தானே. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்க் கட்டடத்தின் முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு வராதீர்கள். ஒரு வேலைநாள் காலை ஒன்பது மணிக்கு, கல்லூரி வாசலுக்கு இல்லை, மருத்துவமனை ஓ.பி.க்கு, அதாவது வெளிநோயாளிப் பிரிவுக்குப் போங்கள். சீட்டுக் கொடுக்கிற இடத்தில் வரிசை எவ்வளவு நீளம்? அறைக்குள் டாக்டர் உட்கார்ந்திருக்கிறாரா, காலி நாற்காலியா? பக்கத்தில் வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் நிற்கிறார்களா? பத்தரை மணிக்கு வெளியே டீக்கடைக்கு வந்தால் மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு மாணவர்கள் கட்டாயம் இருப்பார்கள். "காலேஜ் எப்படி?" என்று கேட்டால் "நல்லாருக்கு அங்கிள்" என்பார்கள், அதில் ஒன்றும் கிடைக்காது. அனாடமியில் ஒரு மேசைக்கு எத்தனை பேர் நின்றீர்கள் என்று கேளுங்கள். புதுக் கல்லூரிக்குப் பாடத்துக்கான உடல்கள் கிடைப்பதே சிரமம், இந்தப் பதில் நிறையச் சொல்லும். பிரசவ அறையில் உள்ளே விடுகிறார்களா, எந்தத் துறையில் ஆறு மாதமாகப் பேராசிரியர் இல்லை என்றும் கேளுங்கள். விடுதித் தண்ணீரைப் பற்றி நீங்கள் கேட்கவே வேண்டாம், அவர்களே ஆரம்பிப்பார்கள்.

கல்லூரி ஒரு இடத்தில், மருத்துவமனை வேறு இடத்தில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் இடமில்லாமல் கல்லூரியைத் தள்ளிக் கட்டுவது வழக்கம். இரண்டும் தனித்தனியாக இருந்தால் பெண்பிள்ளைக்கு ராத்திரி டியூட்டி முடிந்து விடுதிக்குத் திரும்ப வாகனம் உண்டா என்பது பெரிய கேள்வி. மருத்துவமனை பின்னால் வருவதும் உண்டு: நீலகிரிக் கல்லூரி இருக்கும் ஊட்டியில் வகுப்புகள் 2022இல் தொடங்கின, 700 படுக்கையுள்ள புது மருத்துவமனை 2025 ஏப்ரலில்தான் திறந்தது. மதுரை எய்ம்ஸ் கதை அதைவிட நீளம்; 2019 ஜனவரியில் தோப்பூரில் அடிக்கல், 2022இல் முதல் 50 மாணவர்களுக்கு வகுப்பு தொடங்கியதோ ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில். எய்ம்ஸ் என்ற பெயருக்கே இந்த நிலை என்றால் பெயரை மட்டும் வைத்து எதையும் அளக்க முடியாது.

கவுன்சலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்கும் விருப்பப் பட்டியலுக்கு வருவோம். என் கணக்கில் எல்லா அரசுக் கல்லூரிகளும் முதலில், அதற்குப் பிறகுதான் தனியார். அரசு இடங்களில் கிடைக்காது என்று தோன்றுகிற பழைய கல்லூரிகளையும் மேலே போட்டுவிடுங்கள், போடுவதற்குக் காசில்லை. தஞ்சாவூர், செங்கல்பட்டு, திருச்சி, அப்புறம் 2010இல் வந்த முண்டியம்பாக்கம். அதன் கீழே கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி. பெயர்தான் கடலூர், இருப்பது சிதம்பரத்தில்; பழைய ராஜா முத்தையா கல்லூரியை 2021இல் அரசு எடுத்துக்கொண்டது. "அது பீஸ் அதிகமாச்சே" என்று உறவினர் யாராவது சொன்னால் அது பழைய கதை. அதற்கும் கீழே கள்ளக்குறிச்சி, அரியலூர். நான் கள்ளக்குறிச்சியை ஒரு படி மேலே வைப்பேன், சேலம் நெடுஞ்சாலை விபத்துகளும் கல்வராயன் மலை ஜனங்களும் வந்து சேரும் இடம் அது. ஆனால் அன்று ஓ.பி.யில் நீங்கள் பார்த்தது வேறு மாதிரி இருந்தால் என் வரிசையை மாற்றிவிடுங்கள்.

முதல் சுற்றில் கிடைத்த இடத்தில் சேர்ந்துகொண்டே அடுத்த சுற்றில் மேலே உள்ள கல்லூரிக்கு மாறக் கேட்கலாம். மாறினால் பழைய இடம் திரும்ப வராது. கடைசிச் சுற்றுகளில் விதி இறுகும், இடையில் நின்றால் அபராதமும் பெரிய தொகை. அந்த ஆண்டின் தகவல் கையேட்டை வரிவரியாகப் படித்துவிடுங்கள். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதைக் கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. அப்படியிருந்தால் நாம் பேசிய கணக்கு முழுவதும் மாறும், உடனே போன் செய்யுங்கள்.

போய்ப் பார்க்கும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள் ஐயா. உங்கள் கடிதத்தில் மைத்துனர் என்ன நினைக்கிறார் என்று ஒரு பக்கத்துக்கு இருக்கிறது, அவள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. பட்டியலை லாக் செய்வதற்கு முன் எனக்கு ஒருமுறை அனுப்புங்கள், கள்ளக்குறிச்சி, அரியலூர் இரண்டின் வரிசையை மட்டும் அவள் கையாலேயே போட்டிருக்கட்டும்.